ஆட்டோவுக்கு பெர்மிட் வேண்டும்; காரை இழுக்கும் வண்டிக்கு வேண்டாமா?

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் நிற்கும் டீசல் ஆட்டோவைப் பாருங்கள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு நாகல்நகர் போக அதற்கு பெர்மிட் வேண்டும். எப்.சி. வேண்டும். இன்சூரன்ஸ் வேண்டும். டிரைவருக்கு லைசென்ஸ் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அபராதம்!

அதே ரோட்டில் இன்னொரு வண்டி போகிறது. அதன் முதுகில் ஒரு கார். யாரோ ஒருவர் கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கிய கார். அந்த வண்டிக்கு பெர்மிட் உண்டா?

கிடையாது. தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது!

பிரேக்டவுன் ஆன வண்டிகளை இழுத்துச் செல்லும் ரெக்கவரி வேன்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 66-வது பிரிவு பெர்மிட் பற்றியது. யார் யாருக்கு பெர்மிட் வேண்டாம் என்று அதிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. போலீஸ் வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பிண ஊர்தி என்று போகும் அந்த வரிசையில், பழுதான வாகனத்தை இழுக்கும் வண்டியும் உண்டு.

காரணம் நியாயமானதுதான். நான்கு வழிச்சாலையில் லாரி ஒன்று ஆக்சில் முறிந்து குறுக்கே நிற்கிறது. அப்போது பெர்மிட் எந்த மாவட்டம் வரை செல்லும் என்று பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் வரும் பஸ் வந்து மோதிவிடும். அவசரத்துக்காகக் கொடுத்த சலுகை இது.

ஆனால் நடந்தது என்ன? பெர்மிட் போனது. அதோடு கட்டணப் பட்டியல், ரசீது, பொறுப்பான முகவரி எல்லாமே சேர்ந்து போய்விட்டது!

ராத்திரி 11 மணி!

மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு குடும்பம் காரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடைரோடு டோல்கேட் தாண்டியதும் கார் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தை. பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன. யாரோ ஒருவர் இரக்கப்பட்டு ஒரு போன் நம்பர் தருகிறார். வண்டியும் வருகிறது.

"எவ்வளவுண்ணே ஆகும்?"

"முதல்ல ஏத்துவோம் சார். அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' எங்கே வருகிறது? ஒர்க்ஷாப் வாசலில்! கார் மேலே இருக்கிறது. சங்கிலி அவர் கையில். அங்கே நின்று பேரம் பேச முடியுமா? கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான். ரசீது கேட்டால் ஒரு சிரிப்பு. பம்பரில் புதிதாக ஒரு கீறல் இருந்தால், "அது முன்னாடியே இருந்துச்சு சார்" என்று ஒரு பதில்.

அவர்கள் தரப்பும் உண்டு

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது பாவம்.

கொடைக்கானல் மலைப்பாதையில், கொட்டும் மழையில், கொண்டை ஊசி வளைவில் படுத்துக்கொண்டு கொக்கி மாட்டுகிறவர்கள் அவர்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரி வழியில் கவிழ்ந்தால், தூக்கத்தை விட்டு ஓடுகிறவர்களும் அவர்களே. ஒரு பக்கம் காலி வண்டியாகத்தான் போகவேண்டும். டீசல் காசு இரண்டு பக்கமும் ஆகும். விபத்து நடந்த இடத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று போய் நின்றால், கூலியை யாரிடம் கேட்பது என்றே தெரியாத நிலையும் உண்டு.

ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்குத்தான் முதலில் விதி வேண்டும். இன்று நல்லவருக்கும் கறாராகப் பறிப்பவருக்கும் ஒரே போர்டு: '24 மணி நேர சேவை'. வித்தியாசம் எப்படித் தெரியும்?

எதெல்லாம் கட்டாயம்?

பெர்மிட் வேண்டாம் என்பதால் எதுவுமே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

 ரெக்கவரி வேனுக்கும் பதிவு கட்டாயம். போக்குவரத்து வாகனமாகப் பதிவான வண்டி என்றால், முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்கவேண்டும். ஓட்டுகிறவரிடம் அந்த ரக வண்டிக்கு உரிய லைசென்ஸ் இருக்கவேண்டும்.

பெர்மிட் சலுகையும் பழுதான வண்டியை இழுக்கும்போது மட்டும்தான். நன்றாக ஓடும் காரை ஊர் விட்டு ஊர் ஏற்றிச்சென்றால் அது சரக்கு. அப்போது சரக்கு வண்டிக்கு உள்ள விதிதான் பொருந்தும்.

இனி இன்சூரன்ஸ். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது!

சாதாரண லாரி, டெம்போவுக்கு எடுக்கும் வர்த்தக வாகன பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பழுதான ஒரு வண்டியை இழுக்கும்போதும் பாலிசி செல்லும் என்று அதில் அச்சாகி இருக்கும். அதற்குக் கீழேயே இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கூலி வாங்கிக்கொண்டு இழுக்கக்கூடாது. இரண்டு, இழுக்கப்படும் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு கம்பெனி பொறுப்பல்ல.

அதாவது, பக்கத்து ஊர் லாரிக்காரர் உதவிக்காக இழுத்தால் சரி. கூலி பேசி இழுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்! அந்தத் தொழிலுக்கென்று தனியாக பாலிசி எடுத்திருக்கிறாரா என்று வண்டிக்காரரைக் கேட்பவர் எத்தனை பேர்?

கயிறு கட்டி இழுத்தால்...

திண்டுக்கல் - பழனி ரோட்டில் ஒரு லாரி இன்னொரு லாரியைக் கயிறு கட்டி இழுத்துப்போவது சாதாரணக் காட்சி.

1989-ல் வந்த சாலை விதிகளே இதற்கு அளவு சொல்லியிருந்தன. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இழுக்கப்படும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் உட்காரவேண்டும். இல்லையென்றால் முன் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டவேண்டும். கயிறு மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். பின்பக்கம் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'இழுத்துச் செல்லப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் எழுதி இருக்கவேண்டும்.

2017-ல் அந்த விதிகளுக்குப் பதில் புதிய ஓட்டுதல் விதிகள் வந்தன. வண்டி இழுப்பதற்கு அதிலும் கட்டுப்பாடு உண்டு.

பலகை மாட்டிய வண்டியை இந்தப் பக்கம் யாராவது பார்த்ததுண்டா? இருட்டில் இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து ரோட்டைக் கடக்க நினைக்கும் மொபட்காரருக்கு, நடுவில் கயிறு இருப்பது எப்படித் தெரியும்?

ஏற்றிய நிமிடத்தில் இருந்து பொறுப்பு!

தனி லைசென்ஸ் முறை இல்லாவிட்டாலும், ஒரு பழைய சட்டம் காருக்குக் காவல் நிற்கிறது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்! அடுத்தவர் பொருளைத் தன் வசம் வாங்கியவர், விவேகமுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பாரோ, அப்படிப் பாதுகாக்கவேண்டும் என்கிறது 151-வது பிரிவு.

கொக்கி மாட்டிய நிமிடத்தில் இருந்து காரை இறக்கி ஒப்படைக்கும் வரை இந்தப் பொறுப்பு இருக்கிறது. கவனக்குறைவால் சங்கிலி நழுவி கார் சேதமானால், "நான் என்ன சார் பண்றது?" என்று சொல்லித் தப்ப முடியாது.

கூலி வாங்கிச் செய்யும் வேலை என்பதால், குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் ஆணையத்தில் எதைக் காட்டுவது? ரசீது இல்லை. ஏற்றும்முன் எடுத்த போட்டோ இல்லை. வண்டிக்காரரின் முழுப் பெயர்கூடத் தெரியாது. சட்டம் இருந்தும் சாட்சி இல்லை!

போலீஸ் இழுத்தால்?

நோ பார்க்கிங்கில் நின்ற வண்டியையும், 10 மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் அனாதையாக நிற்கும் வண்டியையும் இழுத்துச்செல்ல, அந்த எல்லைக்குரிய யூனிபாரம் அணிந்த போலீஸ் அதிகாரி அனுமதிக்கலாம். 127-வது பிரிவு இது. செலவு வண்டி உரிமையாளர் தலையில்.

கவனியுங்கள்: அனுமதிக்க வேண்டியவர் யூனிபாரத்தில் உள்ள அதிகாரி. இழுவை வண்டியில் வந்த கூலி ஆள் அல்ல.

இதில் கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பெரிய நகரங்கள் பார்த்துவிட்டன. 2017 நவம்பரில் மும்பை மாலாட்டில், கைக்குழந்தையுடன் தாய் உள்ளே இருக்கும்போதே காரை இழுத்தார்கள். போலீஸ்காரர் சஸ்பெண்டு ஆனார். 2021 ஆகஸ்டில் புனேயில், ஆள் உட்கார்ந்திருந்த மோட்டார் சைக்கிளையே ஆளோடு சேர்த்துத் தூக்கினார்கள்! பெங்களூரில் புகார்கள் குவிந்து, 2022 பிப்ரவரியில் வண்டி இழுப்பதையே அரசு நிறுத்திவைத்தது.

விபத்து வண்டிக்கு இன்னொரு விதி. ஆய்வுக்காக வாகன ஆய்வாளர் வண்டியை எடுத்துச்சென்றால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குச் சொல்லவேண்டும். ஆய்வு முடிந்தபின் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தரவேண்டும். இது 136-வது பிரிவு. "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்று அலையவிட அதில் இடமில்லை.

டொரண்டோவில் நடந்தது

கனடா நாட்டில், நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரண்டோ வட்டாரத்தில், இழுவை வண்டிக்காரர்களுக்குள் பெரும் சண்டை மூண்டது. விபத்து நடந்த இடத்துக்கு யார் முதலில் போவது என்பதில் போட்டி. வண்டிகள் எரிந்தன. கொலையும் விழுந்தது. 2020 மே மாதம் போலீசார் பலரைக் கைது செய்தார்கள்.

அதன்பிறகு ஒன்டாரியோ மாநில அரசு விழித்துக்கொண்டது. 2021-ல் தனிச் சட்டம். 2024 ஜனவரி 1 முதல் இழுவைத் தொழில் நடத்துவோருக்கும், ஜூலை 1 முதல் டிரைவர்களுக்கும் அரசுச் சான்றிதழ் கட்டாயம். வண்டியைத் தூக்கும்முன் உரிமையாளரிடம் சம்மதம் வாங்கவேண்டும். கட்டணத்தை வெளியிடவேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரித்து ரசீது தரவேண்டும்.

அடிதடி வந்தபிறகுதான் அங்கே சட்டம் வந்தது. இங்கேயும் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

புதுச் சட்டம் வேண்டாம்!

இதற்காக டெல்லியில் புதுச் சட்டம் போடவேண்டும் என்பதில்லை. ரோட்டில் நின்றுபோன வண்டிகளை அகற்றுவது, பாதுகாப்பாக வைப்பது பற்றி விதி செய்ய, 138-வது பிரிவிலேயே மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

அரசு விதி செய்யும்வரை, கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் மாவட்ட அளவில் முதல் அடி எடுத்துவைக்கலாம்.

ரெக்கவரி வண்டிகளின் பட்டியல் தயாரித்து, ஆர்.சி., எப்.சி., இன்சூரன்ஸ் சரியாக உள்ள வண்டிகளின் பெயரை டோல்கேட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிவைக்கலாம். தொழில் செய்வோரையும் உட்காரவைத்துப் பேசி, கிலோமீட்டருக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று கட்டுப்படியாகும் ரேட்டை நிர்ணயிக்கலாம். அச்சிட்ட ரசீது இல்லாதவர் பட்டியலில் இல்லை என்று சொல்லலாம். இதற்கு ஒரு பலகையும் கொஞ்சம் பெயிண்டும் போதும்!

அதுவரை வண்டி வைத்திருப்பவர்தான் விழிப்பாக இருக்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதலில் 1033-க்கு போன் செய்யுங்கள். தனியார் வண்டி வந்தால், ஏற்றும்முன்பே தொகையைப் பேசுங்கள். காரை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இழுக்கும் வண்டியின் நம்பரையும் சேர்த்து எடுங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள், விபத்தில் இழுத்த செலவில் ஒரு பகுதியைக் கார் இன்சூரன்சில் கேட்கலாம். பல பாலிசிகளில் 1,500 ரூபாய் வரை அச்சாகியே இருக்கிறது.

பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். ரோட்டில் நின்ற காரை மட்டும் எந்தக் கொக்கியும் இழுக்கட்டும் என்று விடலாமா? அதிகாரிகள் மனசு வைக்கவேண்டும்!