அஞ்சு மணிக்கு மேல் ஆகாசம்

வானம் ஏன் நீலமாக இருக்கிறது? ஆபீஸில் டிபன் பாக்ஸை மூடும் நேரத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "கடல் கலர்தான் சார் மேலே அடிக்குது" என்பார். அப்ப கடல் ஏன் நீலம்? "அது வானத்தோட கலர் சார்!" கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்வார். எங்கள் பி.காம். பாஷையில் இதற்கு அக்காமடேஷன் பில் என்று பெயர். ஒருத்தர் பேரை நம்பி இன்னொருத்தர் கையெழுத்துப் போடுவது. ரெண்டு பேரிடமும் காசு இருக்காது.

வானத்தின் கணக்கை 1871-லேயே ஓர் ஆங்கிலேயர் தீர்த்துவிட்டார். பிற்பாடு ராலே பிரபு ஆனவர். காற்றின் துகள்களில் பட்டு வெளிச்சம் சிதறும்போது, அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்கு. நீலத்துக்கு அலைநீளம் குறைச்சல். சிவப்பைவிட அஞ்சாறு மடங்கு அதிகமாகச் சிதறி, நாலா பக்கமிருந்தும் கண்ணில் விழுகிறது. ஊதா இன்னும் ஜாஸ்தி சிதறுமே என்று மடக்காதீர்கள். சூரியன் அனுப்பும் சரக்கில் ஊதா கம்மி. நம் கண்ணுக்கும் அது அவ்வளவாக உறைக்காது.

கடல்? அது வானத்தின் பிரதிபலிப்பு என்று சொல்லிவிட்டார் ராலே. அவ்வளவு பெரிய மனுஷர் சொன்னதை யார் ஆடிட் பண்ணுவது?

பண்ணியவர் நிஜமாகவே நம்ம அக்கவுண்ட்ஸ் ஜாதி! திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். 1907-ல் கல்கத்தாவில் அசிஸ்டெண்ட் அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தபோது வயசு 18. ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் பௌபஜார் தெருவில் ஒரு விஞ்ஞானக் கழகத்தின் கூடத்தில் ஆராய்ச்சி. நடுவே ரங்கூன், நாக்பூர் என்று டிரான்ஸ்பர் வேறு. பத்து வருஷம் இப்படியே ஓட்டி, 1917-ல் ராஜினாமா செய்துவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். உங்கள் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது கையில் நிகோல் பிரிஸம் வைத்திருந்தார். தண்ணீர்மேல் பட்டுத் திரும்பும் வான வெளிச்சத்தை மட்டும் அது வடிகட்டிவிடும். வடிகட்டிப் பார்த்தார். கடல் இன்னும் அழுத்தமான நீலமாகத் தெரிந்தது! தண்ணீரும் தன் பங்குக்கு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்றார். (சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுவதுதான் பெரிய காரணம் என்கிறார்கள் இப்போது. ஆனால் பிரதிபலிப்புக் கதை அன்றைக்கே அவுட்.)

சிதறும் வெளிச்சத்தை அவர் அத்தோடு விடவில்லை. 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. ராஜினாமா கொடுத்து 13 வருஷம் ஆகியிருந்தது.