பிறந்த குழந்தைக்கு 'கிழவர்' என்று பெயர்... ஏன் தெரியுமா?

தொட்டிலில் கிடக்கும் பச்சைக் குழந்தையை யாராவது 'கிழவரே' என்று கூப்பிடுவார்களா? கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதக் குடும்பங்களில் கூப்பிட்டார்கள். கேலிக்காக அல்ல, குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில்!

அந்தப் பெயர் 'ஆல்ட்டர்'. அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் இதற்கு 'வயதானவர்' என்று பொருள். ஜெர்மன் மொழியோடு உறவுள்ள இத்திஷ், ஹீப்ரு எழுத்தில் எழுதப்படுவது. பெண் குழந்தை என்றால் 'ஆல்ட்டே'. சில வீடுகளில் ஆண் குழந்தைக்கு 'ஜெய்டே', அதாவது 'தாத்தா' என்றே பெயர் வைத்தார்கள்.

முன்பு பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தாலோ, குழந்தை நோயில் விழுந்தாலோ இந்தப் பெயரைச் சூட்டுவார்கள். குழந்தையைத் தேடி மரண தூதன் வருவானாம். அங்கே 'கிழவர்' ஒருவர்தான் இருக்கிறார் என்று கேட்டதும், வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவானாம். கூடவே, இந்தப் பிள்ளை நரை கண்டு வாழட்டும் என்ற ஆசியும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

பெயர் மாறினால் விதி மாறுமா?

இந்த நம்பிக்கையின் வேர் ரொம்பப் பழசு. தர்மம், பிரார்த்தனை, பெயர் மாற்றம், நடத்தை மாற்றம் ஆகிய நான்கும் ஒருவருக்கு எழுதப்பட்ட கெட்ட விதியைக் கிழித்துவிடும் என்கிறது, யூதர்களின் சமய நூலான தால்முத். பெயர் மாற்றத்துக்கு அது காட்டும் உதாரணம் சாராள். 'சாராய்' என்ற பெயர் 'சாராள்' என்று மாறிய பிறகுதான், முதிர்ந்த வயதில் அவர் ஈசாக்கைப் பெற்றெடுத்தார். கடும் நோயில் இருப்பவருக்கு 'உயிர்' என்று பொருள்படும் 'ஹயீம்' என்ற பெயரைக் கூடுதலாகச் சேர்க்கும் வழக்கம் இன்றும் உண்டு.

ஆல்ட்டர் என்ற பெயரோடு வாழ்ந்தவர்களில் ஒருவர், எழுத்தாளரும் புகைப்படக் கலைஞருமான ஆல்ட்டர் கட்சிஸ்னே. 1885-ல் வில்னாவில் பிறந்தவர். 1920-களில் நியூயார்க்கின் இத்திஷ் நாளிதழ் ஒன்றுக்காகப் போலந்து யூதர்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்தார். 1941-ல் நாஜிப் படைகள் நுழைந்தபோது நடந்த படுகொலையில், 56 வயதில் உயிரிழந்தார். வார்சாவில் அவர் சேர்த்து வைத்திருந்த படங்கள் அழிந்துபோயின. அமெரிக்காவுக்கு அனுப்பியவற்றில் சுமார் 700 படங்கள் மட்டும் மிஞ்சின. முதுமை வரை வாழட்டும் என்று வாழ்த்தும் பெயர் அவரைக் காக்கவில்லை. ஆனால், அவர் எடுத்த படங்களில் அந்த ஊர்களின் தாத்தா, பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் ஊர் பிச்சையும் குப்பம்மாளும்

இதைப் படிக்கும்போது நம் வீட்டுப் பெயர்கள் சில உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து 'குப்பன்', 'குப்பம்மாள்' என்றும், தவிட்டுக்கு விற்று வாங்கி 'பிச்சை' என்றும் பெயர் வைத்தவர்கள்தானே நாம்! 'இது ஒன்றுக்கும் உதவாதது, விட்டுவிடு' என்று எமனிடம் சொன்னாள் தமிழ்த் தாய். 'இவர் வயதானவர், நீ தேடும் ஆள் இல்லை' என்றாள் யூதத் தாய். வழி வேறு, பயம் ஒன்றுதான்.

உங்கள் குடும்பத்திலும் ஒரு பிச்சை தாத்தாவோ, குப்பம்மாள் பாட்டியோ இருந்தால், அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன், அவர்களுக்கு முன்னால் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.