பூட்டிய கருவியால் யாருக்கு லாபம்?



சிங்காநல்லூர் மில் தொழிலாளியின் மகனும், அன்னூர் விவசாயக் கூலியின் மகளும் இன்று பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். எல்லாம் கண்ணாடி மாளிகைகள் அல்ல. மாடியில் வாடகைக்கு இடம் பிடித்துப் பத்துப் பேரை வைத்து நடத்தும் சிறு கம்பெனிகளும் உண்டு. அங்கே தறி இல்லை, கதிர் இல்லை. ஆனால் கருவி உண்டு. அந்தக் கருவி யாருடையது? இது நம் வர்க்கத்தின் கேள்வி. ஆகவே நாம் பேசத்தான் வேண்டும்.

அங்கே கருவி என்பது மென்பொருள். அதாவது, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் கட்டளைகளின் தொகுப்பு. பெரிய அந்நியக் கம்பெனிகள் இதைப் பெரும்பாலும் வாடகைக்கு விடுகின்றன. ஆளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக்கூடாது. திருத்தக்கூடாது. பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கக்கூடாது.

தோட்டத்து மோட்டாரை நினைத்துப் பாருங்கள். 1937-ல் கோவையில் மின்மோட்டார் செய்தார்கள். பிறகு அந்தத் தொழில் பட்டறை பட்டறையாகப் பரவியது. தொழிலாளி மோட்டாரைக் கழற்றினான், பார்த்தான், கற்றுக்கொண்டான். இன்று ஊருக்கு ஊர் காயில் கட்டும் தொழிலாளி இருக்கிறான். "மோட்டாரைத் திறக்காதே, மாதாமாதம் வாடகை கட்டு, பழுதானால் எங்கள் ஆள்தான் வரவேண்டும்" என்று ஒருவன் சொன்னால் நம் விவசாயி என்ன செய்வான்? அவனைக் கிணற்றடிக்கே விடமாட்டான்!

இப்படிப்பட்ட பூட்டை எதிர்த்துத்தான் 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் சுதந்திர மென்பொருள் முயற்சியைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். பல தேசத்து உழைப்பாளிகள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். யாரும் உபயோகிக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸைத் திருத்தி மற்றவருக்குக் கொடுப்பவர் அந்தத் திருத்தத்தையும் திறந்தே கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை.

ஒரு சிறு கம்பெனிக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை இவ்விதம் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸ். கடிதமும் கணக்குத் தாளும் எழுத லிப்ரே ஆபீஸ். தகவல்களைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ். யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிவு வைக்க கிட். சரக்கு, வரவுசெலவு பார்க்க மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட்.

இது வெறும் பணக் கணக்கு அல்ல. 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா கம்பெனியில் ரஷ்யப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அதன் சேவையை நிறுத்தியது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு தடையே இல்லை! நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. நயாரா பெருமுதலாளிதான், அதற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. அதற்கே இந்தக் கதி என்றால், சரவணம்பட்டியின் பத்துப் பேர் கம்பெனி எம்மாத்திரம்?

கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாகச் சுதந்திர மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில், சென்னையில் உருவான போஸ் லினக்ஸோடு விண்டோஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். பள்ளியில் எதைப் பழக்குகிறோமோ, அதற்குத்தான் நாளைய தொழிலாளி அடிமையாவான் அல்லது எஜமானனாவான்.

"பழுதானால் யார் பார்ப்பது? புதிதாகப் பழகக் காலம் பிடிக்காதா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழகத்தான் வேண்டும். ஆனால் நான்கைந்து சிறு கம்பெனிகள் கூடிப் பழுது பார்க்க ஓர் ஆளை வைத்தால், அந்நியனுக்குப் போகும் வாடகை நம் ஊர்ப் பிள்ளைக்குச் சம்பளமாகும்.

இன்னொன்றையும் நாம் மறைக்கப் போவதில்லை. கருவி பொதுவானால் மட்டும் சுரண்டல் ஒழிந்துவிடாது. கூகுளின் ஆண்ட்ராய்டும் லினக்ஸின் மேல் கட்டப்பட்டதுதான். பொதுவில் விளைந்ததைப் பெருமுதலாளியும் தன் களத்துக்குக் கொண்டுபோகிறான். வாடகை மிச்சமானால் கம்பெனி முதலாளி அதைத் தானாகச் சம்பளத்தில் சேர்ப்பானா? மில் வாசலில் நின்ற நமக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐ.டி. தொழிலாளிகள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு சர்க்கார் தெளிவுபடுத்திவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்துவது நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான்: சர்க்கார் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் திறந்த கருவிகள் வரட்டும்! சிறு கம்பெனிகள் கூட்டாகச் சேரட்டும்! மிச்சப்படும் பணத்தில் உழைப்பவனுக்குப் பங்கு கிடைக்கட்டும்!

கருவியைத் திறக்கும் உரிமை கேட்போம். கூடவே கூலிக் கணக்கையும் திறந்து காட்டச் சொல்வோம்!