ஆய்வேடு யாருக்காக?

சில வாரங்களுக்கு முன், மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டங்களிற் பாடப்பட்டு வந்த தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் பற்றி, நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக எழுதப்பெற்ற ஆய்வேடு ஒன்று உண்டெனக் கேள்வியுற்று, அதனைக் காண அவர் புறப்பட்டிருக்கிறார். அதிபரின் கடிதம், துறைத் தலைவரின் சம்மதம், நூலகரின் அனுமதி ஆகிய மூன்றையும் பெறுவதற்கே இரண்டு பயணங்கள் வேண்டியிருந்தன. மூன்றாம் பயணத்தில் அலுமாரி திறந்தது. வாசிக்கலாம், ஆனால் போட்டோப் பிரதி எடுக்கலாகாது என்றார்களாம். ஆசிரியை கொப்பியை விரித்து, பின்னிணைப்பிலிருந்த பாடல்களைக் கையால் எழுதத் தொடங்கினார். பாடல் சொல்லியோரின் பட்டியலிலே தம்முடைய அம்மாயியின் பெயர் இருக்கக் கண்டாராம்.

நூலகர் மீது நான் குற்றங் கூற வரவில்லை. அவர் விதிப்படி நடந்தவர். விதியைப் பற்றியே என் ஐயம். அந்த மூதாட்டி பாட்டைச் சொன்னபோது விலை கேட்கவில்லை. அனுமதிக் கடிதமும் கேட்கவில்லை. அதை எழுதிக்கொண்டவர் கற்றது, 1945 முதல் இந்நாட்டில் நிலவும் இலவசக் கல்வியின் பயனாக, பொதுமக்களின் வரிப்பணத்தில். வழிகாட்டிய பேராசிரியரின் சம்பளமும், ஏட்டைப் பூட்டி வைத்திருக்கும் அலுமாரியின் விலையும் அதே பணந்தான். கொடுத்தவளின் பேர்த்தி மாத்திரம் மூன்று முறை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஸி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் திரட்டியது பட்டத்துக்காகவன்று. அவை மக்களிடமே திரும்பிச் செல்லல் வேண்டும் என்பதற்காகவே என நான் நம்புகிறேன்.

இக்குறைக்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 1991 இல் அமெரிக்காவிலே போல் கின்ஸ்பார்க் என்னும் பௌதிக அறிஞர், தம் துறையினர் எழுதிய கட்டுரைகளைக் கணினி வழியே எவரும் கட்டணமின்றிப் பெற ஓர் ஏற்பாடு செய்தார். 2002 இல் புடாபெஸ்ற் பிரகடனம் அக்கொள்கைக்குத் திறந்த அணுக்கம் என்ற பெயரை நிலைநாட்டிற்று. அதே ஆண்டில் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகமும் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனமும் டிஸ்பேஸ் என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டன. ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைச் சேமித்து உலகுக்குத் திறந்து வைக்கும் களஞ்சியத்தை அமைக்க உதவும் கருவி அது. யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு ஆகிய இடங்களிலுள்ள நம் பல்கலைக்கழகங்களும் இத்தகைய களஞ்சியங்களை அமைத்துள்ளன. ஆகவே வாசல் இருக்கிறது. ஆனால் நான் தேடிப் பார்த்த அளவில், தமிழிலே எழுதப்பெற்ற ஆய்வேடுகள் அவ்வாசலால் நுழைவது அரிதாகவே இருக்கிறது.

காரணங் கேட்டால், முதலிற் சொல்லப்படுவது களவுப் பயம். பிறர் எடுத்துத் தம்முடையதாக்கிக் கொள்வர் என்கிறார்கள். எவருங் காணாத ஏட்டிலிருந்து திருடுவதே எளிது. திகதியும் பெயரும் பொறித்து எல்லார் கண்ணிலும் படும்படி வைத்ததைத் திருடுபவன் அகப்படுவான். இதை அறிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது விநோதமே.

நூலாக வெளியிடும் எண்ணம் உண்டு என்பது அடுத்த காரணம். இது நியாயமானது. ஆனால் பேராசிரியர் சிவத்தம்பி அவர்கள் பண்டைத் தமிழர் நாடகம் பற்றிப் பேர்மிங்காமில் எழுதிய ஆய்வேடு முடிந்தது 1970 இல். அது நூலாக வந்தது 1981 இல். அத்தகையவருக்கே பதினொரு ஆண்டுகள் சென்றன. பதிப்பாளர் எவரையும் அறியாத இளைஞர் எத்தனை ஆண்டு காத்திருப்பார்? ஓரிரு ஆண்டு மூடி வைத்துப் பின் திறக்கும் வசதி களஞ்சியங்களில் உண்டு. வெளிநாட்டுச் சஞ்சிகைக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று கலங்குவோரும் உளர். நடுவர் திருத்தம் முடிந்து ஏற்கப்பட்ட தம் மூலப்பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்கப் பெரிய வெளியீட்டாளர் பலர் இடங்கொடுக்கின்றனர். சிலர் குறித்த காலம் பொறுக்கச் சொல்கின்றனர். ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்தாற் போதும்.

எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடுதல் தகும் என்றும் நான் சொல்லமாட்டேன். போர்க்கால அனுபவத்தை ஓர் ஆய்வாளரை நம்பிச் சொன்ன பெண்ணின் பெயரும் ஊரும் உலகறிய வேண்டியதில்லை. அவற்றை மறைத்து மற்றதைத் திறக்கலாம்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு சங்கடம். நம் நாட்டில் தமிழ் ஆய்வேடுகள் பல நெடுங்காலமாகப் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தட்டெழுதப்பட்டு வந்தன. கண்ணுக்கு அது தமிழ். கணினியின் கணக்கிலோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அவ்வாறான ஏட்டைக் களஞ்சியத்தில் இட்டாலும், ஒப்பாரி என்று தேடுபவருக்கு அது அகப்படாது. பக்கங்களைப் படமாக மாத்திரம் பிடித்து இட்டாலும் அதே கதிதான். போதாக்குறைக்கு, தலைப்பை ஆங்கில எழுத்தில் மாத்திரம் பதிகிறார்கள். தாலாட்டு என்ற சொல்லை அவ்வெழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். ஒருங்குறியில் தலைப்பு, ஆசிரியர் பெயர், தமிழ்ச் சுருக்கம் ஆகிய மூன்றையேனும் பதிந்தால் பழைய ஏடுகளும் தேடுவோர் கைக்கு எட்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பொறுமையுள்ள உதவியாளர் ஒருவர் வேண்டும். 2005 இலிருந்து நூலகம் எண்ணிம நூலகத்தை வளர்த்து வரும் தொண்டர்கள், பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் பொறுத்தவரையில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைத் துயரத்தோடு பேசுகிறோம். ஒரே பிரதியாக இருந்தவை அன்றோடு அழிந்தன. கணினியில் வைத்தால் மாத்திரம் அழியாது என்பதுமன்று. 2023 ஒக்டோபரில் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அந்நாட்டு ஆய்வேடுகளுக்கென அது நடத்திய சேவை நெடுநாள் முடங்கிக் கிடந்தது. ஆயினும் தத்தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலும் பிரதி வைக்கப்பட்டிருந்த ஏடுகளை மக்கள் அங்கே வாசித்தார்கள்.

ஆசிரியையின் கடிதத்துக்கு மறுமொழி எழுதியபோது, அந்த ஆய்வேட்டை எழுதியவரைத் தேடிப் பிடித்துக் களஞ்சியத்துக்குக் கொடுக்கும்படி கேட்குமாறு சொன்னேன். விலாசம் கிடைக்கவில்லையாம். இதுவரை முப்பத்தொரு பாடல்கள் கொப்பியில் ஏறியிருக்கின்றன. மிகுதியை எழுதுவதற்கு அடுத்த தவணை விடுமுறையில் மீண்டும் செல்லவிருக்கிறார்.