ஆவாரம் பட்டையும் தோல் தொழிற்சாலையும்!

சித்திரை வெயிலில் நெமிலி, பனப்பாக்கம் பக்கம் ஏரிக்கரைப் புல்கூடக் கருகிவிடும். ஆவாரஞ்செடி மட்டும் பச்சையாக நிற்கும், மஞ்சள் மஞ்சளாகப் பூக்கவும் செய்யும். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது, வேலி கிடையாது. ஆடு மாடுகளும் அவ்வளவாக வாய் வைப்பதில்லை.

பொங்கல் வந்தால் இந்தப் பூவைத் தேடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு நல்லது என்று காயவைத்து டீ போடுகிறார்கள். (மாத்திரையை நிறுத்திவிட்டு டீயை மட்டும் நம்புவது ஆபத்து!) ஆனால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிக்கு ஆவாரை சோறு போட்டது பூவால் அல்ல, பட்டையால்.

பட்டையில் 'டானின்' என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. தோலில் உள்ள புரதத்தை அது இறுகப் பிடித்துக்கொண்டால் தோல் அழுகாது. பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோலை வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். ஆவாரையில் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். என்ன ஒரு கைப்பக்குவம்! இந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தை வரை போனது. அந்தப் பெயருக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

முதலில் போட்டிக்கு வந்தது ஆப்பிரிக்காவின் வாட்டில் மரப்பட்டை. பிறகு குரோம். 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதாக முடித்த தோலை ஊக்குவித்ததும் குரோம் வேகமெடுத்தது. அதற்கப்புறம் பட்டை இடிக்க யாருக்குப் பொறுமை?

அந்த வேகத்துக்கு விலை கொடுத்தது பாலாறு. தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னதை, 1996-ல் வேலூர் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. தோலுக்கான குரோம் ரசாயனம் தயாரித்த ராணிப்பேட்டை ஆலை 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ஆவாரைக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, எந்த முறையில் பதனிட்டாலும் தண்ணீரில்தான் கலக்கும். பட்டைக் கழிவுநீரையும் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். இன்றைய தொழிற்சாலைகள் அத்தனைக்கும் பட்டை கொடுக்க ஆவாரையும் இல்லை. ஆனால் பை, பெல்ட், செருப்பு அடித்தோல் போன்றவற்றுக்குத் தாவரப் பதனீட்டுத் தோலைக் கேட்டு வாங்குபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

அதற்காவது செடி மிஞ்ச வேண்டுமே! ஏரிக்கரையைச் சீர்செய்ய வரும் ஜேசிபிக்கு ஆவாரையும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும். கரை மண்ணைப் பிடித்து வைப்பது ஆவாரையின் வேர். அதன் தழை நெல் வயலுக்கு உரம். கிளையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

விதைக்கு ஓடு கெட்டி. வெந்நீரில் ஊறவைத்து, மழைக்கு முன்னால் கரையில் தூவினால் போதும். அடுத்த கிராம சபையில், கரை வேலை நடக்கும்போது ஆவாரையை விட்டுவைக்கச் சொல்லி ஒரு தீர்மானம் கேட்டு வாங்கலாம். அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.