குடலுக்கும் உண்டு ஒரு கடிகாரம்!

ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? 'அவர் ஆபீஸிலிருந்து வரட்டும், சீரியல் முடியட்டும்'னு பதினொன்று ஆகிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

ஜவ்வாது மலைக் கிராமங்களில் பொழுது சாய்ந்தால் ஆடு மாடுகள் தாமாகவே வீடு திரும்பும். அதுகளுக்கு யாரும் வாட்ச் கட்டிவிடவில்லை. அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து நட்சத்திரம் பார்ப்பதுதான் அங்கே வேலை. சரி, கண் விழித்திருக்கலாம். கூடவே குடலும் விழித்திருக்குமா?

இதற்கு எலி பதில் சொல்கிறது. சிறுகுடலின் உட்சுவர் வெல்வெட் துணி மாதிரி; அதில் குட்டிக்குட்டி விரல்களாய்க் குடலுறிஞ்சிகள். அவற்றின் மேலிருக்கும் செல்கள் சில நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாய் முளைக்கின்றன. சர்க்கரையைச் செரிக்கும் நொதிகள் இருப்பதும் அங்கேதான். எலி ராத்திரியில் மேயும் பிராணி. அது தின்ன ஆரம்பிக்கும் முன்பே இந்த நொதிகள் கூடிவிடுகின்றன! தினமும் பகலில் மட்டும் தீனி போட்டால், சில நாளில் குடலும் அந்த நேரத்துக்கு மாறிக்கொள்கிறது. அதாவது குடல் சாப்பாட்டுக்காக முன்கூட்டியே இலை போட்டுக் காத்திருக்கிறது. உடலின் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசே கிடைத்தது.

நாம் எலியில்லை, பகலில் உழைக்கும் ஜாதி. காலையில் சாப்பிட்ட அதே நாலு இட்லியை நடு ராத்திரியில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் ஏறும்.

'என்ன சாப்பிடலாம்?' என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம் நடத்துகிறோம். 'எப்போது?' என்று யாராவது கேட்கிறோமா? என்னைக் கேட்டால், அதுதான் முதல் கேள்வி. இன்று ஏழு, நாளை பதினொன்று என்று அலைக்கழித்தால் இலை போட்ட குடல் என்ன செய்யும், பாவம்!

எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள். படுக்க இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அவருக்காகப் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். நைட் ஷிப்ட்காரர்கள் கிளம்பும் முன்பே வயிறாரச் சாப்பிட்டு, நள்ளிரவுக்கு மேல் லேசாக ஏதாவது சாப்பிட்டால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டே நேரத்தை மாற்றணும்.

சீரியல் நாளைக்கும் வரும். குடல் ஒன்றுதானே இருக்கிறது?