பறவைக்கு இடும் வளையம்

வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடுமிடத்தில் அமைந்தது கோடியக்கரை. வடதுருவத்தை அடுத்த சைபீரியச் சமவெளியில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள், ஆங்குப் பனிக்காலம் தொடங்குமுன் புறப்பட்டு, ஆண்டுதோறும் இக்கரையின் சேற்று நிலங்களை வந்தடைகின்றன. அவற்றுள் கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையே உடையது. இத்துணைச் சிறிய உயிர் செல்லும் நெடுவழியை அறிதற்கு அறிஞர் கண்ட கருவியே கால்வளையம்.

டென்மார்க்கு நாட்டுப் பள்ளியாசிரியர் மார்ட்டென்சன் என்பார், 1899ஆம் ஆண்டில் மைனா இனத்துப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டு, இம்முறைக்கு வித்திட்டார். கோடியக்கரையில், பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வழிகாட்டலால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இப்பணியை நெடுங்காலம் ஆற்றியுள்ளனர்.

ஆங்குப் பணி புரிவோர்க்கு இரவும் பகலும் ஒன்றே. நிலவில்லா இரவில் ஆழமற்ற நீர்ப்பரப்பின் மேல் மெல்லிய நூல்வலைகளைக் கட்டுவர். சேற்றில் நடந்து அடுத்தடுத்துச் சென்று நோக்குவர். சிக்கிய பறவையை இறகு கெடாது விடுவித்துத் துணிப்பையில் இடுவர், வளையம் பூட்டுவர், சிறகையும் அலகையும் அளந்து, எடை கண்டு, ஏட்டில் எழுதுவர், பின்னர்ப் பறக்கவிடுவர்.

தன்போக்கில் திரியும் பறவையைப் பிடித்தல் கொடுமையன்றோ எனச் சிலர் வினவலாம். அதனால் பறவைக்கு அச்சம் விளைவது உண்மையே. எனினும், அது செல்லும் வழியும் தங்கும் துறையும் அறியாதார் அதனைக் காத்தல் யாங்ஙனம்? கோடியக்கரைக்கு வரும் வளைந்த அலகுடைய உள்ளான் வகையொன்று அழிவை நோக்கிச் செல்வதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் அறிவித்தது. பல நாட்டுக் கரைகளில் ஆண்டுதோறும் எண்ணி எழுதியோர் இலரேல், அக்குறைவு எவர்க்கும் புலனாகியிராது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வேட்டுவனும் வலை விரிக்கின்றான். ஆராய்வோனும் வலை விரிக்கின்றான். இருவரையும் வேறுபடுத்துவன கையின் கனிவும் ஏட்டின் வாய்மையுமே. பறவை பிடித்து விற்றலைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பீகார் மாநிலத்தார் சிலர், பின்னர் அக்கைத்திறனையே கழகத்தாரின் பணிக்கு ஈந்தனர். திறன் ஒன்றே, நோக்கமே வேறு. எண்ணிக்கையைப் பெருக்கும் வேட்கையால் பறவையை வலையில் வாடவிடுவோன் ஆராய்வோன் ஆகான். ஒன்றும் சிக்காத இரவில், ஒன்றும் சிக்கவில்லை என்றே எழுதுதல் வேண்டும். அதனை எழுதக் கூசுவோனின் பிற எண்களையும் உலகம் நம்பாது.

கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 2002ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பெற்றது. ஆயினும் பறவைகளைக் காத்தல் அரசுக்கும் அறிஞர்க்கும் மட்டும் உரிய கடனன்று. வளையத்தில் எண்ணும் கழகத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். வளையம் பூண்ட பறவை எங்கேனும் இறந்து கிடக்கக் காணும் மாணவர், அவ்வெண்ணையும் இடத்தையும் நாளையும் பிழையின்றிக் குறித்துக் கழகத்திற்கு அறிவித்தல் வேண்டும். அறிவிக்கப்படாத வளையம் படிக்கப்படாத மடலேயாகும். சேற்றில் விழித்திருந்தோரின் உழைப்பு, முன்பின் அறியாத ஒருவரின் வாய்மையாலேயே நிறைவுறுகின்றது.